பேஜாரு மாமுவின் அம்மா எழுதுவது

ஜெரோம், நீ கோடம்பாக்கத்தில் அறை எடுத்துப் போனதிலிருந்து என் போனை எடுப்பதில்லை. எப்போதாவது எடுத்தால் ‘ஷோ இருக்கும்மா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் நம் மாதா கோயில் மாத இதழுக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன். நீ படிக்காவிட்டாலும் படித்தவர்கள் யாராவது உன்னிடம் சொல்லாமல் விடமாட்டார்கள். பங்குச் சாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, “வீட்டு விஷயமாச்சேம்மா, பங்கு ஜனம் முழுக்கப் படிக்குமே” என்று தயங்கினார். “நான் கத்தினத ஊரே கேட்டுச்சு சாமி, மிச்சத்தையும் படிக்கட்டும்” என்றேன். அவர் அதை மடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் எஃப்.எம்.மில் ‘பேஜாரு மாமு’ என்று பேசுகிறவன் என் மகன். ஷேர் ஆட்டோவிலும் மீன் மார்க்கெட்டிலும் அவன் குரலைக் கேட்காதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. ஆனால் அது என் மகனுடைய குரல் இல்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் உன் நைனா லூர்து.

நீ அந்தப் பயிற்சியில் சேர்ந்த வருஷத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். டிகிரி முடித்துவிட்டு ஹார்பர் பக்கமே வேலை தேடாமல், வானொலி தொலைக்காட்சிக்கு ஆள் தயார் செய்கிற இன்ஸ்டிட்யூட்டில் சேரப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. உன் நைனாதான், “போவட்டும் உடு. கண்டெய்னரக் கட்டி நா கண்டது இன்னா?” என்றார். கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலையில்தான் அவருடைய இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு மாடி அறையின் கட்டிலும் ஜன்னலும்தான் அவருக்கு உலகம். இறங்குவதற்கு அந்த இரும்புப் படி. அது ஏணிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் நீயும் உன் தோஸ்துகளும் அவரைத் தூக்கி இறக்குவீர்கள். மற்ற நாட்களில் அவர் ஜன்னல் வழியாகப் பின்னால் இருக்கும் ஐஸ் கம்பெனியின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்ஸ்டிட்யூட்டில் கற்றுக்கொண்டதையெல்லாம் நீ வீட்டில் வந்து பழகுவாய். எனக்குத் தையல் மெஷின். அதன் சத்தம் ஆகாது என்று நிறுத்தச் சொல்வாய். நிறுத்துவேன். ஆனால் கண்டெய்னர் லாரியை யார் நிறுத்துவது? கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே போனை வைத்துப் பதிவு செய்வாய். சித்திரை மாத வெயிலில் அந்தக் கம்பளிக்குள்ளிருந்து ‘வணக்கம், இன்றைய முக்கியச் செய்திகள்’ என்று வரும். “குக்கர்ல வெந்துகினு கீறான் பாரு” என்று நைனா சிரிப்பார். வெளியே வரும்போது உன் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். இதைவிட நல்ல அறை ஒன்றை உனக்குக் கொடுக்க எங்களால் முடியவில்லை.

செய்தி வாசிக்கிறவர்கள் பார்த்துப் படிக்கத் திரையில் எழுத்து நகருமாமே, அதற்காகப் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி நீளமாகச் சுருட்டி வைத்திருந்தாய். நான் எதிரே உட்கார்ந்து மெதுவாக இழுக்க வேண்டும். நீ படிப்பாய். ‘மழை’ என்று நீ சொல்ல வேண்டிய இடத்தில் ‘மய’ என்று வந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். முதலில் நான் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு குறைந்தது. பிறகு நீ ‘நீயும் ஒருதரம் படிம்மா, நான் கேக்கறேன்’ என்றாய். அப்படித்தான் நானும் படித்தேன். இன்ஸ்டிட்யூட்டில் உங்கள் மேடம் சொல்லிக் கொடுத்ததை நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதே, கேட்பவர் அவசரப்பட்டாலும் நீ அவசரப்படாதே, மோசமான செய்தி வரும்போது குரலில் அழாதே. தைக்கும்போது எனக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவளுக்கு அது ஒரு பண்டிகை மாதிரி இருந்தது, ஜெரோம். அந்த வருஷத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்த நேர்காணல். டி.வி.யும் எஃப்.எம்.மும் ஒரே கட்டடத்தில் இருந்த நிறுவனம். செய்தி வாசிக்கத்தான் போனாய். ஒரு பக்கம் முழுக்கத் தடுக்காமல் வாசித்தாயாம். நன்றாக இருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். நீ வராந்தாவுக்கு வந்ததும் உன் தோஸ்து போன் செய்ய, “தோ வந்துகினே கீறேன்டா, இன்னாத்துக்கு உயிர எடுக்கற?” என்று நீ சொன்னதை எஃப்.எம். பிரிவின் தலைவர் கேட்டுவிட்டார். உன்னைத் திரும்பக் கூப்பிட்டு, “இதையே மைக்ல பேசுவியா?” என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். “வூட்ல பேசறத பேசத்தாம்மா சம்பளம் தராங்களாம். அப்ப நாம அந்தக் காலண்டர இழுத்தது எதுக்கு?” என்று கேட்டாய். உன் தட்டை மறுபடி உன் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நாள் போகட்டும், உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு செய்திக்கு மாறிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். உங்கள் மேடமும் அதையேதான் சொன்னார்.

ஆனால் அவர்கள் கேட்டது வீட்டில் பேசுகிற பேச்சையும் இல்லை. ‘இன்னா’ என்றால் போதாது, ‘இன்ன்ன்னாஆ’ என்று இழுக்க வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசியில் ‘பேஜாரா கீது மாமு’ என்று முடிக்க வேண்டும். குடித்தவன் மாதிரி, எதுவும் தெரியாதவன் மாதிரி, எதற்கெடுத்தாலும் ஏமாறுகிறவன் மாதிரி. நம் தெருவில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? நானும் முதல் வாரம் சிரித்தேன், சொல்லிவிடுகிறேன். என் பிள்ளை ரேடியோவில் வருகிறான் என்கிற சந்தோஷம் அது. அப்புறம் கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. தெருவுக்கு நிற்கவில்லை. நீ சந்துக்குள் நுழைந்தால், ‘மாமு, ஒரு டயலாக் உடு மாமு’ என்பார்கள். அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். அதனாலேயே உன்னால் மறுக்க முடியவில்லை. நீ செய்திப் பிரிவுக்குப் போய்க் கேட்டபோது, “உன் வாய்ஸ்ல விபத்துன்னு சொன்னாக்கூட ஜனம் சிரிக்கும்பா” என்றார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு ரேடியோவில் வருகிற சிரிப்பு மாதிரியே இருந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த நாள்தான். ஆனால் என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது.

சாயங்காலம். கீழ் வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. ஐஸ் கம்பெனியிலிருந்து அந்த அமோனியா நெடி அவ்வப்போது வரும், போய்விடும், நமக்குப் பழக்கம்தான். அன்று போகவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். நைனா இருமத் தொடங்கினார். துண்டை நனைத்து அவர் முகத்தில் போட்டேன். கதவைத் திறந்தால் படியில் நிற்க முடியவில்லை, அங்கேதான் அதிகமாக இருந்தது. தீயணைப்புக்குப் போன் செய்தேன். வண்டி கிளம்பிவிட்டது, மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரி நிற்கிறது, சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். சந்து முனையில் அந்தோணியின் டீக்கடை. அந்தப் பக்கம் கடல் காற்று நன்றாக அடித்ததால் அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா? டீக்கடை ரேடியோவில் நீ பேசிக்கொண்டிருந்தாய், முழுச் சத்தத்தில். உன் பேச்சுக்கு அவர்கள் சிரிக்கிற சிரிப்பு எங்களுக்கு மேலே கேட்டது. “நீ எறங்கிப் போயிடு” என்று நைனா சொன்னார். “வாய மூடு” என்றேன்.

ஷோ நேரத்தில் உன் போன் அணைந்திருக்கும். ஆனால் நிகழ்ச்சியின் எண் எனக்கு மனப்பாடம், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நீதான் சொல்கிறாயே. அடித்தேன், கிடைத்துவிட்டது. ஒரு பெண் எடுத்தாள். ‘உங்க வூட்ல இன்னா பேஜாரு’ பகுதிக்கா என்று கேட்டாள். வீட்டில் ஒரு பெரிய சிக்கல், தொகுப்பாளரிடம் உடனே பேச வேண்டும் என்றேன். நான் மேலே சொல்வதற்குள், “சூப்பர்ம்மா, லைன்ல இருங்க” என்று இணைத்துவிட்டாள்.

அங்கேதான் அது நடந்தது. உன் குரல் வந்தது. நான் சொன்னேன்: “வணக்கம். ராயபுரத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வாயு கசிகிறது. மாடியில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார்.”

“இன்ன்ன்னாம்மா நீ, மாமு கைல வந்து நியூஸு வாசிக்கற? நாத்தம் வந்தா ஐஸ் கம்பெனிய ஏன் சொல்ற, வூட்டுக்காரர் குளிச்சு எத்தினி நாளாச்சு, அத்த சொல்லு!”

போனிலும் சிரிப்பு, கீழே டீக்கடையிலும் சிரிப்பு. நைனாவுக்கும் அது கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரமாக நின்று, “ஒங் கொரல நா கண்டுபுடிக்கலம்மா” என்று நீ சொன்னாய். எனக்குத் தொண்டை புண்ணாகியிருந்தது, பேச முடியவில்லை. நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இப்போது சொல்கிறேன், கேள். உன் அம்மாவின் குரல் உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான் அந்தக் குரலில் பேசவே இல்லையே. ரேடியோவில் பேசுகிறோம் என்றதும், காலண்டர் தாளை இழுத்துக்கொண்டு நாம் பழகினோமே, அந்தத் தமிழ் தானாக வந்துவிட்டது. உயிர் போகிற நேரத்தில் இவளுக்கு அது ஏன் வந்தது என்று நீ கேட்கலாம். கத்தினால் யாரும் நம்பமாட்டார்கள், நிதானமாக, சுத்தமாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேன். மோசமான செய்தியைச் சொல்லும்போது குரலில் அழக்கூடாது என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். முதல் தடவையாக என் பிள்ளையின் நிகழ்ச்சியில் பேசுகிறேன், தப்பில்லாமல் பேச வேண்டும் என்கிற ஆசையும் ஒரு மூலையில் இருந்திருக்கும். நீ என்னை அடையாளம் காணாமல் போனது உன் குற்றம் இல்லை, கண்ணு. உன் அம்மா அந்தக் குரலுக்குள் இருந்தாள், உனக்குத் தெரிய வழியில்லை.

அன்று போனில் நீ அப்படிக் கிண்டல் செய்த பிறகு எனக்கு இருமல் வந்து, கண்ணும் மங்கி, எல்லாம் உதிர்ந்துபோயிற்று. “டேய் ஜெரோமு! நாந்தான்டா! நைனாவத் தூக்க ஆள் இல்லடா! கண்ணு தெரியலடா!” என்று கத்தினேன்.

ரேடியோ அமைதியாகிவிட்டது. டீக்கடையும். பிறகு நீ பேசினாய். “நேயர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு. ராயபுரம் பகுதியில் வாயுக் கசிவு ஏற்பட்டுள்ளது” என்று தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாய். கீழே யாரோ கைதட்டினார்கள். “இன்னாமா ஆக்டிங் குடுக்கறான் பாரு!” என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. நீ அத்தனை நாள் வாசிக்க ஆசைப்பட்ட செய்தி அது. அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் வந்தது என் பிள்ளையின் குரல். இழுக்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. “அந்தோணி அண்ணே. டீக்கட அந்தோணி அண்ணே. நா ஜெரோமு, லூர்து புள்ள. ரேடியோவ வுட்டுட்டு எங்க வூட்டாண்ட ஓடுண்ணே. நைனா மேல கீறாரு, அவரால எறங்க முடியாதுண்ணே. மூஞ்சில ஈரத்துணி கட்டிக்கினு போ. புள்ளைங்களக் கடல் பக்கமா கூட்டிக்கினு போங்க, காத்து அங்கேந்து வருது. காமெடி இல்லண்ணே, எங்கம்மா மேல சத்தியமா இல்ல.” நீ அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். கடைசியில் உன் குரல் உடைந்தது.

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தோணியும் இன்னும் சிலரும் முகத்தில் துணியோடு வந்தார்கள். நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் புடவையால் அதோடு சேர்த்துக் கட்டி, பின்னோக்கிச் சாய்த்தபடி அந்தப் படியிலேயே இறக்கினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், யார் என்று இன்றுவரை தெரியாது. அவர்களே வீடு வீடாகத் தட்டிக் குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தோம். யாரும் சாகவில்லை. நைனாவின் நுரையீரல் மட்டும் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அத்தோடு முடிந்திருந்தால் நீ இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாய். நான் டிஸ்சார்ஜ் ஆகி ஷேர் ஆட்டோவில் வருகிறேன், ரேடியோவில் மேளம் அடிக்கிறது, நடுவில் ‘டேய் ஜெரோமு! நாந்தான்டா!’ என்று என் கத்தல் வருகிறது, உடனே ‘ஊருக்கே உதவும் நம்ம பேஜாரு மாமு!’ என்று ஒரு விளம்பரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். நான் இறங்கி நடந்தே வந்தேன். நீ அவர்களிடம் சண்டை போட்டதும், வேலையை விடுகிறேன் என்றதும் உன் தோஸ்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிகிறவரை வேறு எந்த மைக்கிலும் நீ பேசக்கூடாதாம், அந்தக் குரல் அவர்களுடையதாம். அதனால் மறுநாளே நீ திரும்ப உட்கார்ந்து ‘இன்ன்ன்னாஆ’ என்றாய். அன்றுதான் வீட்டைவிட்டும் போனாய். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் அதைப் பேச உன்னால் முடியவில்லை. எனக்குப் புரிகிறது.

நான் உங்கள் ஆபீசுக்கு வந்தது உனக்குத் தெரியாது. நீ இல்லாத நேரமாகப் பார்த்து, பேசின் பிரிட்ஜில் பஸ் மாறி வந்தேன். தலைவர் மரியாதையாக உட்கார வைத்தார். ‘பேஜாரு அம்மா’ என்று வாரம் ஒருமுறை என்னையும் பேசச் சொன்னார். நீ பேசுகிற அறையைக் காட்டினார். கனமான கதவு, ஜன்னல் கிடையாது, சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தியதும் என் காது அடைத்துக்கொண்டது. வெளியே உலகம் எரிந்தாலும் உள்ளே தெரியாது. அந்தக் கம்பளி ஞாபகம் வந்து, இதற்கு அதுவே தேவலை என்று நினைத்தேன். “என் கத்தல எடுத்துடுங்க சார்” என்றேன். “ஜனங்களுக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கும்மா” என்றார். “எம்புருஷன் சாகக் கெடக்கறார்னு கத்தினேன் சார். அது பாட்டு இல்ல” என்றேன். அந்தக் கனமான கதவை அவரே திறந்துவிட்டார். மறுவாரம் விளம்பரத்தில் என் குரல் இல்லை. மேளமும் உன் பெயரும் அப்படியேதான் இருக்கின்றன. என்னால் முடிந்தது அவ்வளவுதான், ஜெரோம். உன்னை வெளியே கொண்டுவர என்னால் முடியவில்லை.

புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். சொல்ல அதிகம் இல்லை. ஒப்பந்தம் முடிகிறவரை பேசு. அதைப் பேசுவதால் நீ கெட்டவன் ஆகிவிடமாட்டாய், வயிற்றுக்காக உன் நைனா கம்பியில் தொங்கியது மாதிரிதான் இதுவும். ஆனால் அந்த அறைக்கு வெளியே ஒருவரிடமாவது தினமும் உன் குரலில் பேசிவிடு. நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டீ கொடுக்கிறவராக இருக்கட்டும். பேசாமல் விட்டால் எது உன்னுடையது என்று உனக்கே மறந்துபோகும். எனக்குப் பயம் அது ஒன்றுதான். உன் இன்ஸ்டிட்யூட்டில் புதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்களாம், நீ வரமாட்டேன் என்றாயாம். போ. வாசிக்கக் கற்றுக்கொடு, நீ நன்றாக வாசிப்பாய். அதோடு, உங்கள் வீட்டில் ஒருவர் இருமினால் எந்தக் குரலில் ஆளைக் கூப்பிடுவீர்கள் என்று அவர்களிடம் கேள்.

இன்னும் ஒன்று. நைனா தினமும் சாயங்காலம் உன் நிகழ்ச்சியைப் போடச் சொல்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. “அது நம்ம புள்ள இல்ல, எதுக்கு அத்த கேட்டுகினு?” என்று ஒருநாள் சண்டை போட்டேன். அவர் கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டார். நீ ஒரு வசனத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்னால், “தோ, இப்ப மூச்சு இழுத்தான் பாரு” என்றார். “பேச்சுதான் அவங்களுது. மூச்சு இவன்துதான்.” இப்போதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிற மனிதர், சாயங்காலம் முழுக்க உன்னுடையதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உடனே வா என்று சொல்லமாட்டேன். பேசும்போது எங்கேயாவது ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நன்றாக மூச்சு விடு, போதும். இங்கே கேட்கும்.

அம்மா